நிறுத்தமில்லாத இடம்

இப்படி உட்காருங்க அண்ணாச்சி. அந்த ஜன்னல் சீட்டு வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுகளோட கிடந்தவன் சொல்லுதேன், கேளுங்க. காலைக் கொஞ்சம் நீட்டிக்கிடுதேன், தப்பா நினைக்காதீங்க. வலது முழங்கால். மடக்கினா நிமிராது, நிமித்தினா மடங்காது. ரொம்ப தூரம் நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

உங்ககிட்ட ஒரு கையெழுத்து கேக்கணும். இப்ப இல்ல, பொறவு. இந்த வண்டியில போற ஒரு பயணியோட கையெழுத்து எனக்கு வேணும். எதுக்குன்னு சொல்லாம கையெழுத்து வாங்குற ஆள் நான் இல்ல. விஷயத்தை முழுசாக் கேளுங்க. நியாயம்னு பட்டாப் போடுங்க, இல்லைன்னா விட்ருங்க.

முதல்ல, வண்டியை யார் ஓட்டுதான்னு பார்த்தீயளா? ஏறும்போது பார்க்கலையா? அந்தக் கண்ணாடியில பாருங்க. ம்ம். பொம்பளைப் பிள்ளைதான். காக்கிச் சட்டை, கொண்டை. மெதுவாப் பேசுவோம். எஞ்சின் சத்தத்துல கேக்காது, இருந்தாலும் மெதுவாப் பேசுவோம். அவளாலதான் நான் இன்னைக்கு இந்த ஏழு பத்து வண்டியில உட்கார்ந்திருக்கேன்.

என் பேர் பிரமநாயகம். டிப்போவுல டூட்டி போடுற ஆள். டிப்போ பேர் வேண்டாம், எல்லாரும் நம்ம ஆளுக. எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்தக் கண்டக்டர் யார்கூடப் போகணும், எல்லாம் என் பேனாதான். பதினெட்டு வருஷம். நூத்தி நாப்பது டிரைவர். ஒருத்தனோட ஸ்டாஃப் நம்பரைச் சொல்லுங்க, அவன் பொண்டாட்டி ஊரைச் சொல்லுவேன். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். அவன் இவன்னு நான் பார்த்ததே கிடையாது. நல்லா ஓட்டுறவனுக்கு நல்ல வண்டி, அவ்வளவுதான் என் சட்டம்.

அதுக்கு முந்தி நானும் டிரைவர்தான். பதிமூணு வருஷம் திருச்செந்தூர் வண்டி. ஒரு கீறல் கிடையாது. வருஷா வருஷம் கண்ணு பார்ப்பாங்கல்லா? ஒரு வருஷம் டாக்டர், கலர் சரியாத் தெரியலைன்னு எழுதிட்டார். அன்னையோட ஸ்டியரிங் போச்சு. வேற வேலை போட்டுத் தாரோம்னு சொல்லி ஸ்பேர் பெஞ்சுல உட்கார வச்சாங்க. ஸ்பேர் பெஞ்சுன்னா, டூட்டி இல்லாதவன் காலையில வந்து கையெழுத்துப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கிற இடம். எவனாவது வராம இருந்தா அந்த வண்டி இவனுக்கு. எனக்கு அதுவும் கிடையாது. சும்மா உட்காரணும். ஏழு மாசம் அண்ணாச்சி. ஏழு மாசம். என் வண்டி என் முன்னாலயே கிளம்பிப் போகும். வேற ஒருத்தன் ஓட்டிட்டுப் போவான், கியர் போடுற சத்தத்துலயே தெரியும், படுபாவி கிளட்சைக் கொல்லுதான்னு. என்னைய்யா, எப்படி இருக்கேன்னு ஒருத்தன் கேக்கல. அந்த வேதனை உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். சவத்தை விடுங்க, அது பழைய கதை.

போன வருஷம் ஆடி பொறந்த அன்னைக்கு இந்தப் பிள்ளை வந்துச்சு. ரிசர்வ் டிரைவர். ரிசர்வ்னா இன்னும் நிரந்தரம் ஆகல. எங்க டிப்போவுல கணக்கு என்னன்னா, ஒரு வருஷத்துக்குள்ள இருநூத்தி நாப்பது நாள் வண்டி எடுத்திருக்கணும். எடுத்தா நிரந்தரம். எடுக்கலைன்னா நடையைக் கட்ட வேண்டியதுதான். பெஞ்சுல உட்கார்ந்த நாள் சேராது.

ஆர்டரை நீட்டினா. முப்பத்திரண்டு வயசு, ரெண்டு பிள்ளைக. புருஷன் இல்ல. முந்தி தண்ணி லாரி ஓட்டியிருக்கா. நான் நல்லபடியாத்தான் பேசினேன். எந்த ஊர்னு கேட்டேன், சொன்னா. எந்தத் தெருன்னு கேட்டேன், "ஊர்லதான் சார்"ன்னா. கேக்குறதுல என்ன தப்பு? சும்மா தெரிஞ்சுக்கிடத்தான். நான்தான் அதெல்லாம் பார்க்க மாட்டேன்னு சொன்னேன்லா.

"எம்மா, பயப்படாத. உன்னை நான் பார்த்துக்கிடுதேன். என் மக மாதிரி"ன்னேன்.

"வண்டி குடுத்தாப் போதும் சார்"ன்னா.

அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மக மாதிரின்னு ஒருத்தன் சொன்னா, வண்டி குடுன்னா சொல்லுவாங்க?

நான் பார்த்துக்கிட்டேன் அண்ணாச்சி. சத்தியமாப் பார்த்துக்கிட்டேன். மழை பெஞ்சா அவளுக்கு டூட்டி கிடையாது. ஊர்ல கோயில் கொடை, கூட்டம் ஜாஸ்தின்னா டூட்டி கிடையாது. திருச்செந்தூர், நாகர்கோவில்னு தூர வண்டி போடவே மாட்டேன். போற வழியில ஹோட்டல்ல வண்டி நிக்கும்லா, டிரைவர் கண்டக்டருக்குன்னு பின்னால ஒரு ரூம் இருக்கும். எல்லாவனும் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுச் சாப்பிடுவான். அங்க இது எங்க போய் உட்காரும்? யோசிச்சுத்தான செய்யணும்? டவுன் பஸ் போடலாம்னா, எங்க டிப்போவுல பொம்பளைகளுக்குக் கக்கூஸ் இல்ல. நாலு நடை அடிச்சிட்டு வந்தா எங்க போகும்? அதனால பெஞ்சு. நான் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சுதான். "நல்ல இடம்மா, ஃபேன் நேரா தலைக்கு மேல. நானே உட்கார்ந்திருக்கேன்"னு சொல்லித்தான் உட்கார வச்சேன்.

தினமும் வந்து மேஜை முன்னால நிக்கும். "சார், இன்னைக்கு?"

"இருக்கட்டும்மா, மழை வர்ற மாதிரி இருக்கு."

"வெயில்தான சார் அடிக்கு?"

"சாயங்காலம் வரும்."

எதுத்துப் பேசாது. போய் உட்கார்ந்துக்கிடும். எவனாவது திடீர்னு லீவு போட்டு வேற ஆளே சிக்கலைன்னா ஏத்தி விடுவேன், அப்படித்தான் பாதி நாளுக்கு மேல ஓட்டுச்சு. இன்னொரு சங்கடம் என்னன்னா, கூடப் போறதுக்குக் கண்டக்டர் வேணும்லா? பொம்பளை ஓட்டுற வண்டியில எவன் வருவான்? அந்தா, பின்னால டிக்கெட் போட்டுட்டு இருக்கானே, கொம்பையா, அவன் இப்ப அவகூட நிரந்தர ஜோடி. போன வாரம் என்கிட்டச் சொல்லுதான், "அண்ணாச்சி, யாரு வருவான்னு நீரு எங்ககிட்ட ஒரு நாளாவது கேட்டீரா?"ன்னு. கேக்கணுமா அதை? எனக்குத் தெரியாதா?

இப்படிப் போய்ட்டு இருக்கையில புது மேனேஜர் வந்தார். பிரிட்டோன்னு பேர். நாகர்கோவில் பக்கம். குரலே கேக்காது, அப்படிப் பேசுவார். வந்த மூணாம் நாள் காலையில ஆளைக் காணோம். ரூம்ல இல்ல. தேடினா, ஸ்பேர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். கையில டீ கிளாஸ். அந்தப் பிள்ளை ஒரு ஓரத்துல, மத்த ரெண்டு பேர் ஒரு ஓரத்துல, நடுவுல மேனேஜர். மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. நான் போய், "சார், உள்ள உட்காரலாமே, ஆளுக என்ன நினைப்பாங்க"ன்னேன்.

"இங்க நேரம் போகவே மாட்டேங்குதே சார்"ன்னார்.

மேனேஜர் பேசுற பேச்சா இது?

மறுநாள் பழைய டிக்கெட் கட்டு அடைச்சுக் கிடந்த ரூமைத் திறக்கச் சொன்னார். பார்த்தா அது கக்கூஸ். கட்டும்போதே பொம்பளைகளுக்குன்னு கட்டினதாம். முப்பத்தோரு வருஷம் எங்க கண்ணுக்குத் தெரியாத கக்கூஸ் ரெண்டு நாள்ல வந்துட்டு. எனக்கு அதுல வருத்தம் கிடையாது. நல்ல காரியம். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? சாவி என் டிராயர்லதான கிடந்துச்சு.

கேளுங்க, இனிமேதான் விஷயம். ஆனி மாசம். ஆடி பொறக்க இருபது நாள் இருக்கு. இவளுக்கு இன்னும் பதினொரு நாள் வண்டி எடுக்கணும். அப்ப மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல முப்பது அட்டை. "திருச்செந்தூர், நாகர்கோவில் வண்டிக்கு ஆள் மாத்தணும் சார். உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு அட்டையும் ஒரு டிரைவர். எத்தனை தடவை மோதினான், பயணிக புகார் எத்தனை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான், சொல்லாம எத்தனை லீவு போட்டான், எல்லாம் இருக்கு. பேர் மட்டும் இல்ல. நம்பர்தான். நீங்களே வரிசைப்படுத்துங்க."

ஸ்டாஃப் நம்பர் போட்டிருந்தா நான் மூணு நிமிஷத்துல சொல்லியிருப்பேன். மனுஷன் அது தெரிஞ்சு புதுசா ஒண்ணு ரெண்டுன்னு போட்டு வச்சிருக்கார். சரின்னு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். உண்மையாவே நல்லாப் பார்த்தேன் அண்ணாச்சி, எனக்குப் பிடிச்ச வேலை அது. பதினேழாம் நம்பர் அட்டையை எடுத்ததும் அப்படியே வச்சுட்டேன். ஒரு மோதல் கிடையாது. புகார் கிடையாது. டீசல்ல டிப்போவுலயே முதல். அதுவும் எப்பேர்ப்பட்ட வண்டியில? எல்லாவனும் ஓட்ட மாட்டேன்னு தள்ளி விடுற ஓட்டை வண்டியில.

"சார், யார் இந்தப் பய? தங்கமான பயலால்லா இருக்கான். கிளட்சை மிதிக்கிறதே இவன் கால்ல பூ மாதிரி இருக்கும் போல. என்னைய மாதிரி ஓட்டுதான் சார். இவனுக்குத் திருச்செந்தூரைக் குடுங்க"ன்னேன்.

கடைசியா நாலாம் நம்பர். ரெண்டு மோதல், அஞ்சு புகார், டீசலைக் குடிச்சு வச்சிருக்கான். "இவனைப் பெஞ்சுல போடுங்க சார், புத்தி வரட்டும்"ன்னேன்.

அவர் சிரிக்கல. ஒரு தாளை மட்டும் என் முன்னால வச்சார். நம்பருக்கு நேரா பேர். நாலாம் நம்பர் என் மச்சினன் மகன். அவன்தான் ஆறு வருஷமாத் திருச்செந்தூர் வண்டி ஓட்டுதான். நான் போட்டதுதான். பதினேழாம் நம்பர் யார்னு நீங்களே சொல்லிருவீய.

என்ன சிரிக்கீய? சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிச்சாச்சு. டிப்போவே டீக்கடையில நின்னு சிரிச்சுச்சு. கொம்பையா இப்பவும் என்னைப் பார்த்தா, "பூ மாதிரி கால்"ங்கான்.

இது ஏமாத்துன்னு உங்களுக்குத் தோணலையா? பேரை மறைச்சு வச்சு என் வாயாலயே சொல்ல வச்சா, அது என்ன நியாயம்? பேர் தெரிஞ்சிருந்தா அதுக்குத் தக்கபடி யோசிச்சிருப்பேன்லா? அதனாலதான் மறுநாள் டூட்டி சார்ட்டுல திருச்செந்தூருக்கு மேனேஜர் போடச் சொன்ன அவ பேரை அடிச்சேன். பேனாவால ஒரு கோடு, அவ்வளவுதான். மச்சினன் மகன் பேரை எழுதினேன். மத்தபடி அவமேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. பாதுகாப்பை நினைச்சுத்தான் அடிச்சேன். மாமன் முறை ஒரு கடமை இருக்குல்லா, அதுவும் உண்டு, இல்லைங்கல.

காலையில ஏழு மணிக்கு அவ சார்ட்டு முன்னால நின்னா. பேர்மேல கோட்டைப் பார்த்தா. பெஞ்சுல போய் உட்காருவான்னு பார்த்தேன், உட்காரல. முதல் தடவையா அவ அந்தப் பெஞ்சுல உட்காரல. நேரா மேனேஜர் ரூமுக்குப் போயிட்டா.

என்னைக் கூப்பிட்டாங்க. அவளும் நிக்கா.

"ஏன் சார் அடிச்சீங்க?"

"பிள்ளையோட நல்லதுக்குத்தான் சார்."

"அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா வேணும்னுதான் சொல்லும். அதுக்கு என்ன தெரியும்?"

மேனேஜர் அவ பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க முப்பிடாதி. இவர் உங்களை எப்பவாவது தப்பாப் பேசியிருக்காரா?"

அவ என்ன சொன்னா தெரியுமா? "அண்ணாச்சி என்னை ஒரு நாளும் ஒரு சொல் திட்டினது கிடையாது சார். வண்டிதான் தரல. இன்னும் ஒரு வாரம் தராம இருந்தா என் வேலை போயிரும். அவ்வளவுதான்."

பார்த்தீயளா? அவ வாயாலயே வந்துட்டு. ஒரு நாளும் ஒரு சொல் திட்டினது கிடையாதுன்னு. அதோட முடிஞ்சிருக்கணும்லா? முடியல. மெமோ இல்ல, சம்பளத்துல கை வைக்கல. "ஒரே மேஜையில பதினெட்டு வருஷம் சார். கொஞ்ச நாள் வேற இடம் பாருங்க"ன்னு அந்தக் கேக்காத குரல்லயே சொல்லி, டயர் ஸ்டோருக்கு மாத்திட்டார்.

டயர் ஸ்டோர் அண்ணாச்சி! டிப்போவுலேருந்து முப்பது கிலோமீட்டர். அங்க நான் டயருக்கு டூட்டி போடுதேன். எந்த டயர் எந்த வண்டிக்குன்னு. புது டயர் முன்னால, ரப்பர் ஒட்டினது பின்னால. டயருக்கு நம்பர் மட்டும்தான் உண்டு. தேய்மானத்தைப் பார்ப்பேன், ஓடின கிலோமீட்டரைப் பார்ப்பேன், போடுவேன். இந்த மூணு மாசத்துல ஒரு குறை கிடையாது. ஸ்டோர் ஆபீசர் சொல்லுதார், "நாயகம், உம்மை மாதிரி நேர்மையாப் போடுறவனை நான் பார்த்ததே இல்ல"ன்னு. இதை அந்த பிரிட்டோ கேக்கணும்.

அவ பதினொரு நாளும் திருச்செந்தூர் வண்டியே ஓட்டினா. ஆடி பொறக்க நாலு நாள் இருக்கையில இருநூத்தி நாப்பது ஆயிட்டு. அன்னைக்குத் திருச்செந்தூர்லேருந்து இலை விபூதி வாங்கிட்டு வந்து டிப்போவுல ஆளுக்கொண்ணு குடுத்திருக்கா. எனக்கு ஒண்ணு கொம்பையாகிட்ட குடுத்து விட்டா. திருப்பிக் குடுக்கத்தான் நினைச்சேன். சாமி விஷயம், எப்படிக் குடுக்க? இந்தா, சட்டைப் பையிலதான் கிடக்கு. பன்னீர் இலை காஞ்சு போச்சு. அதை விடுங்க.

அந்த ஹோட்டல் ரூம் விஷயம் கேக்கீயளா? அது ஒண்ணும் ஆகல. கொம்பையா முதல் நாள் உள்ள போய், "எல்லாரும் சட்டையை மாட்டுங்கடே, எங்க டிரைவர் சாப்பிட வாராவ"ன்னானாம். மாட்டிட்டாங்களாம். அவ்வளவுதானாம்.

சரி, கையெழுத்துக்கு வாரேன். நேரம் ஆயிட்டு. இந்தாங்க, இந்தத் தாளைப் பிடிங்க. தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கேன். நிரந்தரம் ஆனதும் இந்த ஏழு பத்து திருச்செந்தூர் வண்டியை அவளுக்கே குடுத்துட்டாங்கல்லா. இதை விட்டா எனக்கு வேற வண்டி இல்ல. தினமும் நான் இவ முதுகைப் பார்த்துக்கிட்டேதான் வேலைக்குப் போகணும். போகட்டும். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. இப்ப ரயில்வே பாலம் வரும் பாருங்க. பாலம் இறங்கினதும் இடது பக்கம் ஒரு பெரிய கேட். அங்க நிறுத்தம் கிடையாது. நிறுத்தம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி, அரிசி மில் பக்கம். ஆனா இவ தினமும் அந்தக் கேட் முன்னால வண்டியை நிறுத்துதா. நிறுத்தமில்லாத இடத்துல நிறுத்துறது குத்தம். நான் டூட்டி மேஜையில இருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன். அதைத்தான் தேதி போட்டு எழுதியிருக்கேன். ஒரு பயணி பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டா, விசாரிச்சுத்தான் ஆகணும்.

எதுக்கு நிறுத்துதாளா? ஒரு ஆள் இறங்கத்தான்.

எந்த ஆளா?

நான்தான். அந்தக் கேட்தான் டயர் ஸ்டோர். முதல் நாள் அரிசி மில்லுல இறங்கித் திரும்பி நடந்தேன். நொண்டி நொண்டி வர்றதைக் கண்ணாடியில பார்த்திருப்பா போல. மறுநாள்லேருந்து கேட் முன்னால நிறுத்துதா. நான் கேட்டனா? ஒரு நாள், ஒரு தடவை, நிறுத்தும்மான்னு என் வாயால கேட்டிருப்பனா? எனக்கு நல்லதுன்னு அவளா எப்படி முடிவு பண்ணலாம்? என்னைய ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அது எவ்வளவு கேவலமா இருக்கும்னு யோசிக்க வேண்டாமா? வண்டி முழுக்க ஜனம் பார்க்க, கால் ஏலாதவன் மாதிரி...

பேனா இருக்கா? என்ன அண்ணாச்சி, தாளையே பார்த்துட்டு இருக்கீய? போடுங்க. கீழ, அந்த இடத்துல.

இந்தா, பாலம் இறங்கிட்டு. பார்த்தீயளா, பிரேக் போடுதா. எப்படிப் போடுதா பாருங்க, கையில வச்சிருக்கிற டீ சிந்தாது. நின்னுட்டு.

"நாயகம் அண்ணாச்சி, கேட் வந்துட்டு! மெதுவா இறங்கும், படியில ராத்திரி பெஞ்ச மழைத்தண்ணி கிடக்கு."

தெரியும்டே கொம்பையா, எனக்குக் கண்ணு இருக்கு. வாரேன் அண்ணாச்சி. நல்லபடியாப் போயிட்டு வாங்க. இந்தக் கம்பியைப் பிடிச்சு, இந்தக் காலை வச்சு... ம்ம். இறங்கியாச்சு. ரைட், ரைட்.

ஐயோ! என் தாளு! அண்ணாச்சி, தாளு உங்க கையில! ஜன்னல் வழியாப் போடுங்க! அடச்சே, நான்தான இந்தப் பக்கத்து ஜன்னல்ல உட்காராதீயன்னு சொன்னேன். கிளம்பிட்டே! ஏ வண்டி! ஏ கொம்பையா! இந்தக் கால் வேற... ஏ முப்பிடாதி! முப்பிடாதி! நிறுத்து! நிறுத்துத்தா!

நின்னுட்டு.

நின்ன இடத்துலயே நிக்காம பின்னால வருது பாருங்க. கொம்பையா கீழ குதிச்சு விசில் அடிக்கான். நான் நடக்கக் கூடாதுன்னு மெயின் ரோட்டுல ரிவர்ஸ் எடுத்துட்டு வாரா! ஆருய்யா கேட்டா ரிவர்ஸை? நல்லாப் பார்த்துக்கிடுங்க அண்ணாச்சி, பேனாவை எடுங்க. ஒரே இடத்துல ரெண்டாம் தடவை. இதையும் அதுல சேர்த்து எழுதணும்.